தமிழ்ப் பட்டமும் தொழிற்களமும்: கல்லூரிப் பாடத்திட்டம் நோக்கவேண்டிய திசை



கல்லூரியில் தமிழ் பயின்றவருக்கு என்ன வேலை கிடைக்கும் என்பது பழைய வினா. பெற்றோர் அதனை வெளிப்படையாகக் கேட்கின்றனர். மாணவர் மனத்துக்குள் கேட்டுக்கொள்கின்றனர். ஆசிரியராகிய நாம் பெரும்பாலும் 'ஆசிரியப் பணி' என்னும் ஒற்றை விடையைத் தந்து அமைதி கொள்கின்றோம். அவ்விடை பொய்யன்று; ஆயினும் முழுமையுமன்று. கல்லூரிப் பாடத்திட்டத்தை வேலை தருவோரின் தேவையோடு இயைக்க வேண்டும் என்னும் குரல் இன்று உலகெங்கும் கேட்கின்றது. பொறியியலுக்கும் கணக்கியலுக்கும் பொருந்தும் அக்குரல் தமிழ்த்துறைக்கும் பொருந்துமா, பொருந்துமாயின் எந்த அளவிற்கு என்பதையே இன்று ஆராய விழைகின்றோம். சிங்கப்பூரை முன்னிறுத்தியே பேசுவோம். அயல்நாட்டுச் சான்றுகள் துணைக்கு வரும்.

துறையை ஈன்றவர் யார்?

முதலில் சிறிது வரலாறு. மலாயாப் பல்கலைக்கழகம் 1949-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நிறுவப்பட்டது. அங்கு இந்தியவியல் துறை ஒன்று அமையவிருந்தபோது, அதில் முதன்மை பெற வேண்டியது வடமொழியா, தமிழா என்னும் கருத்து மாறுபாடு எழுந்தது. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரின் பரிந்துரை வடமொழியின் பக்கம் நின்றது. 1935-இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அவர்கள் இதனை எதிர்த்து எழுதினார். எழுதியதோடு நில்லாமல், 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்னும் வேண்டுகோளுக்கு எளிய உழைப்பாளிகள் செவிசாய்த்தனர். 1956-இல் துறை தொடங்கியது. தமிழ் அதில் இடம்பெற்றது. பின்னர் அத்துறை கோலாலம்பூர் வளாகத்திற்குப் பெயர்ந்தது.

அதன்பின் தமிழில் பட்டம் பெற விழைந்த சிங்கப்பூரர் பலர் சென்னையையும் கோலாலம்பூரையும் நாடினர். அஞ்சல்வழிக் கல்வியையும் நாடினர். வேலை பார்த்துக்கொண்டே உள்நாட்டில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டம் பெறும் வாய்ப்பு, இன்று சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என வழங்கும் நிறுவனத்தின் வாயிலாக 2006-இல் கனிந்தது.

இவ்வரலாற்றை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. வேலை தருவோரின் தேவையைப் பற்றிப் பேசும்போது நிறுவனங்களை மட்டுமே மனத்திற் கொள்கின்றோம். தமிழ்க் கல்விக்கு முதலீடு செய்த முதல் தரப்பு எந்த நிறுவனமுமன்று. ஒரு வெள்ளி ஈந்த உழைப்பாளியே. தம் பிள்ளைகளுக்கு நல்லாசிரியரும், தாம் படிப்பதற்கு நல்ல இதழும், தம் குரலை அரசுக்குச் சொல்ல வல்லாரும் வேண்டும் என்பதே அவ்வெள்ளியின் உட்கிடை எனலாம். ஆகவே 'யாருடைய தேவை?' என்னும் வினாவிற்கு 'முதலாளியின் தேவை' என்று மட்டும் விடையிறுத்தல் குறைபாடுடையது. மொழியைப் பயன்கொள்ளும் மக்களின் தேவையே அடிப்படை. நிறுவனம் அத்தேவையை நிறைவேற்றும் இடைநிலை.

தேவை எங்குள்ளது?

தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. அரசமைப்புச் சட்டம் தந்த இத்தகுதி பெயரளவினதன்று; நாள்தோறும் வேலையை உண்டாக்குவது. பள்ளிகளும் பாலர் பள்ளிகளும் ஆசிரியரை வேண்டுகின்றன. தமிழ் முரசும் வசந்தமும் ஒலி 96.8-உம் செய்தியாளரையும் படைப்பாளரையும் வேண்டுகின்றன. அரசு அமைப்புகள் மொழிபெயர்ப்பாளரையும், நீதிமன்றங்கள் உரைபெயர்ப்பாளரையும் வேண்டுகின்றன. மருத்துவமனையில் முதியவர் ஒருவர்க்கு மருந்தின் அளவைச் சொல்ல ஒருவர் வேண்டும். கட்டுமானத் தளத்தில் உயரத்தில் நின்று பணிபுரியும் வெளிநாட்டு ஊழியர்க்குப் பாதுகாப்பு விதியைத் தெளிவுறுத்த ஒருவர் வேண்டும். கேம்பல் லேனில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் போன்ற இடங்களுக்குப் பழம்பொருள்களைத் தமிழில் விளக்க வல்லார் வேண்டும்.

இவர்களுள் எவரும் 'தமிழ் தெரிந்தவர்' என்னும் பொதுத்தகுதியோடு நிறைவடைவதில்லை. இன்ன வாசகர்க்கு, இவ்வளவு இடத்தில், இவ்வளவு நேரத்திற்குள், ஐயத்திற்கு இடமின்றி எழுத வேண்டும் என்பதே அவர்தம் எதிர்பார்ப்பு. நம் கல்லூரித் தேர்வுகளோ, நூலொன்றின் நயத்தை மூன்று மணி நேரத்தில் பல பக்கங்கள் விரித்தெழுதும் திறனையே பெரிதும் அளந்துவந்துள்ளன. விரித்தெழுதுதல் உயர்ந்த திறனே. ஆயினும் சுருக்கி எழுதுதலும், பிறர் எழுதியதைச் செம்மை செய்தலும், ஒருவர் பேசியதை உடனுக்குடன் மாற்றிச் சொல்லுதலும் வேறு திறன்கள். ஒன்றில் வல்லவர் மற்றொன்றிலும் வல்லவராவார் என்று கொள்வதற்கில்லை.

வெளியுலகம் தரும் பாடங்கள்

சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். 2014-இல், லாவ் பா சாட் உணவு நிலையத்தைச் சுட்டும் பலகை ஒன்றில், பெயரின் இறுதிப் பகுதி ஆங்கிலத்தில் சனிக்கிழமையைக் குறிக்கும் சுருக்கமாகக் கொள்ளப்பட்டு, தமிழில் 'சனி' என்று வந்தது. தவறு சுட்டப்பட்டதும் அது நீக்கப்பட்டது. செய்தியைப் படித்துப் பலர் நகைத்தனர், பலர் வருந்தினர். மொழியியல் மாணவர் அங்கு ஒரு பாடத்தைக் காண வேண்டும். ஹொக்கியன் மொழியில் 'லாவ்' என்பது பழமையைக் குறிக்கும். 'பாசாட்' என்பது சந்தை. அது மலாய்ச் சொல்லாகிய 'பாசார்' என்பதன் திரிபு. அதற்கு மூலம் பாரசீகம். அதே பாரசீகச் சொல்லே தமிழில் 'பஜார்' என வழங்குகின்றது. பலமொழிச் சூழலைப் பயின்ற மாணவர், இஃது இடப்பெயர், மொழிபெயர்க்கத் தக்கதன்று, ஒலிபெயர்க்கத் தக்கது என்று நொடியில் உணர்வார். இங்குக் குறைபட்டது தமிழறிவு மட்டுமன்று; பலகை அச்சேறுமுன் தமிழறிந்த ஒருவர் கண்ணில் பட வேண்டும் என்னும் நடைமுறையுமாகும்.

அடுத்தது 2020-ஆம் ஆண்டுச் செய்தி. கொவிட்-19 பரவலைத் தடுக்க ஏப்ரல் 7-ஆம் நாள் முதல் நடப்புக்கு வந்த கட்டுப்பாடுகளை அரசு ஆங்கிலத்தில் 'சர்க்கிட் பிரேக்கர்' என்று குறித்தது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் மின்பொறியாளர்க்குரிய கருவியொன்றின் பெயராக முடிந்திருக்கும். சிங்கப்பூர்த் தமிழ் ஊடகங்கள் உருவகத்தைக் கைவிட்டு நோக்கத்தைப் பற்றிக்கொண்டு, கிருமிப் பரவலை 'முறியடித்தல்' என்னும் வழியில் தொடரமைத்தன. மொழிபெயர்ப்பில் எதைக் காப்பது, எதை விடுவது என்னும் தெளிவு இது. மொழிபெயர்த்தலை வழிநூல் வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பிய மரபியல் வைத்தெண்ணுகின்றது. ஆதலின் இத்துறை தமிழ்க் கல்விக்குப் புதிய விருந்தாளியன்று, மறந்துபோன உறவினர்.

மூன்றாவது, கலைச்சொல். ஊழியரின் ஓய்வுக் காலத்திற்காகச் சேமிக்கப்படும் நிதியைச் சிங்கப்பூரில் 'மத்திய சேம நிதி' என்கின்றோம். தமிழ்நாட்டில் அதன் இணை 'வருங்கால வைப்பு நிதி'. இலங்கையில் 'ஊழியர் சேமலாப நிதி'. மூன்றும் நல்ல தமிழே. ஆயினும் தோ பாயோ வீவக வீட்டில் வாழும் முதியவருக்கு வரும் கடிதத்தில் 'வருங்கால வைப்பு நிதி' என்றிருந்தால் அவர் அதனைத் தம் பணமாக அடையாளம் காண்பாரா? தமிழக நூல்களை மட்டும் பாடமாகக் கொண்ட கல்வி இவ்வேறுபாட்டைக் கற்பிப்பதில்லை. சிங்கப்பூர்த் தமிழின் ஆட்சிச் சொற்களும் இதழ்ச் சொற்களும் வகுப்பறைக்குள் வர வேண்டும்.

நான்காவது, எழுத்துரு. சில அறிவிப்புகளில் கொம்புகள் மெய்யெழுத்துக்குப் பின் விழுந்தும், புள்ளிகள் இடம்பெயர்ந்தும் கிடக்கக் காண்கின்றோம். மொழிபெயர்த்தவர் சரியாகவே எழுதியிருப்பார். யூனிகோட் முறையில் 'கெ' என்னும் எழுத்து, முதலில் ககரமாகவும் பின்னர் ஒற்றைக் கொம்பாகவும் சேமிக்கப்படுகின்றது. திரையிற் காட்டும்போது கொம்பை முன்னே கொணர்வது மென்பொருளின் பணி. அப்பணியைச் செய்யாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியவுடன் எழுத்துகள் சிதறுகின்றன. வடிவமைப்பாளர் தமிழறியார், தமிழறிந்தவர் வடிவமைப்பைப் பார்ப்பதில்லை. இருவருக்கும் நடுவே நிற்க வல்ல பட்டதாரியே இன்று தேவைப்படுபவர். இதனைக் கற்பிக்க ஓராண்டு வேண்டியதில்லை; சில வகுப்புகள் போதும்.

பேச்சும் எழுத்தும்

தமிழ் இரட்டைவழக்கு மொழி. எழுத்து வழக்கை மட்டும் கற்பித்தால், பேச்சை மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவருவார் என்னும் நம்பிக்கை ஒரு காலத்தில் செல்லுபடியாயிற்று. 2020-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலுமுள்ள சிங்கப்பூர்வாசிகளுள் தமிழை வீட்டில் மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினரே; ஆங்கிலத்தை அவ்வாறு பேசுவோர் 48.3 விழுக்காட்டினர். பள்ளிப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த 2005-ஆம் ஆண்டின் மறுஆய்வுக் குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடந்தர வேண்டும் என்று பரிந்துரைத்தது இதனை உணர்ந்தே. பள்ளி எடுத்துவைத்த அடியைக் கல்லூரி தொடர வேண்டும்.

உரைபெயர்ப்பாளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தார் ஒருவர் 'அவரோடு கதைத்தேன்' என்றால், அவரோடு பேசினேன் என்பதே பொருள். தமிழக வழக்கை மட்டுமே அறிந்தவருக்குக் 'கதை' என்னும் சொல் புனைவை நினைவூட்டும். 'கதை விடுதல்' பொய்யுரைத்தலாகும். வழக்காடு மன்றத்தில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஒருவரது வாக்குமூலமே பிறழும். புதுக்கோட்டையிலிருந்து வந்த ஊழியரின் பேச்சும், இலங்கையிலிருந்து வந்த மூதாட்டியின் பேச்சும், இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞரின் பேச்சும் ஒருங்கே ஒலிக்கும் ஊர் இது. சிராங்கூன் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நின்றால் கிளைமொழியியலின் பாதிப் பாடம் செவியில் விழும். இதனைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் எந்தப் பல்கலைக்கழகத்திற்கு வாய்க்கும்?

இயந்திரம் வந்தபின்

இவ்வேலைகளை எல்லாம் இயந்திரமே செய்துவிடுமே என்று மாணவர் கேட்பது நியாயமே. அரசு உருவாக்கிய மொழிபெயர்ப்புத் தளம் 2022 முதல் பொதுமக்கள் பயன்பாட்டிற்கும் வந்துள்ளது. 2023-இன் இறுதியில் சிங்கப்பூரில் வெளியிடப்பட்ட 'சீ-லயன்' என்னும் தென்கிழக்காசிய மொழி மாதிரியில் தமிழும் உண்டு. முதல் வரைவை இனி இயந்திரம் தரும். அதனை மறுப்பதிற் பயனில்லை. ஆனால் வரைவு சரியா என்று சொல்ல வல்லார் யார்?

ஓர் எளிய எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். தமிழில் கேட்போரை உள்ளடக்கி 'நாம்' என்போம். விலக்கி 'நாங்கள்' என்போம். நடைபாதையைத் தடையின்றி வைத்திருப்போம் என்னும் அறிவிப்புக்கு 'நாம்' பொருந்தும். நடைபாதையில் நிறுத்திய மிதிவண்டிகளை அகற்றுவோம் என்னும் அறிவிப்புக்கு 'நாங்கள்' வேண்டும். அங்கு 'நாம்' என்று எழுதினால், குடியிருப்பாளரும் சேர்ந்து வந்து மிதிவண்டியை அகற்ற வேண்டும் என்றாகும். வாக்கியத்தை மட்டும் பார்க்கும் இயந்திரம் இங்குத் தடுமாறக்கூடும். யார் யாரிடம் பேசுகிறார் என்பதை அறிந்தவரே தெரிவு செய்ய முடியும். 'செய்க', 'செய்யவும்', 'செய்யுங்கள்' என்பவற்றுள் எது எவ்விடத்திற்கு உரியது என்பதும் அத்தகையதே. இலக்கணம் வேலைக்குதவாத பாடம் என்று எண்ணுவோர்க்கு இதுவே நம் விடை. இயந்திரக் காலத்தில் இலக்கணமே தொழிற்கல்வி.

தேவைப் பட்டியலின் எல்லை

இவ்வளவு கூறியபின் மறுபக்கத்தையும் கூறுதல் கடமை. நிறுவனங்கள் தரும் தேவைப் பட்டியலையே பாடத்திட்டமாக்கிவிட்டால் என்ன நேரும்? பட்டியல் இன்றைய தேவையைக் கூறும். மாணவரோ நாற்பது ஆண்டுகள் பணிபுரியப் போகின்றவர். 1990-களில் ஒவ்வோர் எழுத்துருவிற்கும் ஒவ்வொரு குறியாக்கம். ஒன்றில் தட்டியது மற்றொன்றில் புரியாது. அன்று ஒரு விசைப்பலகையை மட்டும் மனப்பாடம் செய்தவரின் திறன் சில ஆண்டுகளில் பழசாயிற்று. தமிழ் எழுத்தின் அமைப்பையே உணர்ந்தவர், யூனிகோட் வந்தபோதும் கலங்காமல் தொடர்ந்தார்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. நா. கோவிந்தசாமி அவர்கள் சிறுகதை எழுத்தாளர். தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களை உருவாக்கியவர். அவர் 'கணியன்' என்னும் தமிழ்க் கணிமுறையை உருவாக்கினார். 1995-இல் தமிழ் எழுத்து இணையத்தில் ஏறியதில் அவர் பங்கு முதன்மையானது. 1997-இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை முன்னின்று நடத்தினார். 1999-இல் மறைந்தார். அந்நாளில் எந்த நிறுவனமும் 'இணையத்தில் தமிழ் ஏற்றத் தெரிந்த தமிழாசிரியர் தேவை' என்று விளம்பரம் செய்திருக்க இயலாது. தேவையைப் பார்த்து அவர் உருவாகவில்லை. அவர் செய்ததைப் பார்த்துத் தேவை உருவாயிற்று. கல்லூரி இத்தகையோர்க்கும் இடந்தர வேண்டும். அதற்கு இலக்கியப் பயிற்சியும், அடிப்படை மொழியியலும், கேள்வி கேட்கும் துணிவும் இன்றியமையாதவை. திறன் என்னும் பெயரால் இவற்றைக் குறைப்பது விதைநெல்லைச் சமைப்பதாகும்.

நம் முன்மொழிவுகள்

ஆகவே நீக்க வேண்டிய பாடம் மிகுதியில்லை; மாற்ற வேண்டிய கற்பித்தல் முறை மிகுதி. ஐந்து முன்மொழிவுகளை அவையின் முன் வைக்கின்றோம்.

ஒன்று, இலக்கண வகுப்பில் நூற்பாவோடு நின்றுவிடாமல், பொது அறிவிப்பு, மருந்துக் குறிப்பு, செய்தி ஆகியவற்றையும் பாடப்பொருளாக்குதல். புணர்ச்சி விதியை, ஒரு வலி மிகாமையால் பொருள் மாறிய தொடரைக் கொண்டு விளக்குதல்.

இரண்டு, மொழிபெயர்ப்பை ஒரு பருவத்தின் விருப்பப்பாடமாக ஒதுக்காமல், பட்டப்படிப்பு முழுவதும் தொடரும் பயிலரங்காக்குதல். ஒருவர் எழுத, மற்றொருவர் திருத்த, மூன்றாமவர் அச்சுப்படியைச் சரிபார்க்கும் முறையைப் பழக்கமாக்குதல்.

மூன்று, வாய்மொழித் தேர்வில் மனப்பாட உரைக்கு மாற்றாக உரைபெயர்ப்பை வைத்தல்.

நான்கு, சிங்கப்பூர்த் தமிழ்ச் சொற்களை மாணவரே திரட்டி, ஆண்டுதோறும் வளரும் தொகுப்பாக்குதல். ஒவ்வோர் அணியும் தான் பெற்றதைவிடச் சிறிது மிகுதியாக அடுத்த அணிக்கு விட்டுச்செல்லும்.

ஐந்து, பழைய இலக்கியத்தைக் குறைக்காமல் காத்தல். பல நூற்றாண்டுத் தமிழைப் படித்தவரிடமே, ஒரு புதிய கருத்துக்கு ஏற்ற சொல்லைத் தேடும்போது தெரிவு செய்யப் பல சொற்கள் இருக்கும்.

வேலை தருவோர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில வரைவும் வடிவமைப்பும் முடிந்தபின், கடைசி நாள் மாலையில், அலுவலகத்தில் தமிழ் பேசும் யாரேனும் உண்டா என்று தேடும் வழக்கம் ஒழிய வேண்டும். மொழிபெயர்ப்புக்குரிய நேரமும் ஊதியமும் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். மாணவர்க்குப் பயிற்சி இடங்கள் தர வேண்டும். திறனுக்கு விலை கொடாதவர், திறனில்லை என்று கல்லூரியைக் குறைகூறுதல் முறையன்று. 2015-இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கம் வாழ்நாள் கற்றலுக்கு வழிவகுத்துள்ளது. நடுத்தர வயதினர்க்கும் தொழில்சார் தமிழ்க் குறும்பயிற்சிகளை நம் நிறுவனங்கள் வகுத்துத் தந்தால், இன்று களத்தில் உள்ளோரும் பயன்பெறுவர்.

இனி மாணவர்க்கு. வேலை கிடைக்குமா என்னும் உங்கள் வினாவிற்கு உறுதிமொழி தர எவராலும் இயலாது. ஆனால் ஒன்று சொல்வோம். இத்தீவில் தமிழ்ப் பணிக்கு வேண்டியவர் சிலரே. ஆகவே அரைகுறைத் திறனை மறைத்துக்கொள்ளக் கூட்டமும் இல்லை. ஒருவர் செய்யும் பிழை உடனே தெரியும். ஒருவர் செய்யும் நன்மையும் அவ்வாறே. இவ்வாரம் உங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒட்டப்பட்டுள்ள தமிழ் அறிவிப்பு ஒன்றை நின்று படியுங்கள். உங்கள் பாட்டி அதனைப் படித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு விளங்குமா என்று கேட்டுப் பாருங்கள். விளங்காதெனின், அதனைத் திருத்தி எழுதி வகுப்பிற்குக் கொணருங்கள். ஆசிரியர்களே, அன்றைய பாடத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, அத்தாளிலிருந்து தொடங்குங்கள்.